வெள்ளிக்கட்டியின் எண்ணும் பள்ளியின் பதிவேடும்



மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர்களாகிய நாம் பணத்தை 'வெள்ளி' என்றே சொல்லிப் பழகியவர்கள். சந்தையில் மீன் வாங்கினாலும் பள்ளியில் கட்டணம் செலுத்தினாலும் 'இத்தனை வெள்ளி' என்பதே நம் பேச்சு. தாள் பணம் வந்து பல தலைமுறைகள் கடந்த பின்னரும் அச்சொல் நம்மை விட்டு அகலவில்லை. 'ரிங்கிட்' என்னும் மலாய்ச் சொல்லுக்குள்ளும் அதே வெள்ளிதான் ஒளிந்திருக்கிறது. 'பல் பல்லாக அமைந்த விளிம்புடையது' என்பது அதன் மூலப்பொருள். முற்காலத்தில் இவ்வட்டாரத் துறைமுகங்களில் புழங்கிய இசுபானிய வெள்ளி நாணயங்களின் விளிம்பைக் கண்டு வைத்த பெயர் அது. 1975ஆம் ஆண்டில் அதுவே நாட்டு நாணயத்தின் அதிகாரப் பெயராயிற்று.

அந்த உலோகத்தின்மீது மக்களின் பார்வை இப்போது மீண்டும் திரும்பியிருக்கிறது. 1980 ஜனவரியில் வெள்ளியின் விலை ஓர் அவுன்சுக்கு ஏறத்தாழ 50 அமெரிக்க டாலரை எட்டியது. அதே ஆண்டு மார்ச் மாத இறுதிக்குள் 11 டாலர் அளவுக்குச் சரிந்தது. அதன்பின் 45 ஆண்டுகள் கழித்து, 2025 அக்டோபரில் 50 டாலரைத் தாண்டியது. விலை ஏறினால் அலமாரிகள் திறக்கப்படுவது இயல்பு. பாட்டியின் கொலுசு, திருமணத்துக்கு வந்த குத்துவிளக்கு ஆகியவற்றோடு, எப்போதோ யாரோ வாங்கி வைத்த வெள்ளிக்கட்டிகளும் வெளியே வருகின்றன. அவற்றின்மேல் குத்தப்பட்டுள்ள எண்களையும் எழுத்துகளையும் எவ்வாறு படிப்பது என்பதே இப்பதிவின் பொருள். வெள்ளிக்கட்டிக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் என்ன தொடர்பு என்று எண்ண வேண்டா, தொடர்பு உண்டு.

ஒரு தாயின் கேள்வி

2025 நவம்பரில், ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாயார் என்னைப் பார்க்க வந்தார். கைப்பையிலிருந்து பழைய துணியில் சுற்றிய ஒரு வெள்ளிக்கட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். அவருடைய மாமனார் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர்; ஆஸ்திரேலியத் துறைமுகம் ஒன்றில் இறங்கியபோது அதை வாங்கி வந்தாராம். மாமனாரும் இல்லை, கணவரும் இல்லை. மூத்த மகனுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. கட்டியை விற்றுச் செலவைச் சமாளிக்கலாம் என்று பட்டணத்துக் கடை ஒன்றுக்குக் கொண்டு போயிருக்கிறார். கடைக்காரர் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எண் குழம்பியிருக்கிறது. தொழிற்சாலையில் இப்படிச் செய்ய மாட்டார்கள். இது போலி. வேண்டுமானால் பாதி விலை தருகிறேன்" என்று சொல்லிவிட்டார்.

போலி என்றால் பாதி விலை எதற்கு என்று அந்த அம்மா கேட்கவில்லை. அவர் மனத்தை அரித்தது வேறொரு கேள்வி.

"சார், பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். மாமா ஏமாந்துதான் இதை வாங்கி வந்தாரா? சாகும் வரைக்கும் 'பேரப்பிள்ளைகளின் படிப்புக்கு' என்று சொல்லிக்கொண்டே இருந்தாரே."

கட்டியின் ஒரு முகத்தில் உருக்காலையின் முத்திரை இருந்தது. அதன்கீழ் '10 அவுன்ஸ்' என்றும் '999' என்றும் ஆங்கிலத்தில் குத்தப்பட்டிருந்தன. அதற்கும் கீழே 'கே' என்னும் ஆங்கில எழுத்து. அதைத் தொடர்ந்து ஐந்து இலக்கங்கள். முதல் இரண்டு 2, 0. கடைசி இரண்டு 4, 1. நடுவில் நின்ற இலக்கம் எட்டுப்போல் இருந்தது; ஆயினும் எட்டு இல்லை. எழுத்து சற்று மேலேறியும் இலக்கங்கள் கோணல்மாணலாகவும் நின்றன. மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தபோது 10 அவுன்சுக்குப் பதிலாக 11 காட்டியதாம். அதுவும் அவரைக் குழப்பியிருந்தது.

வார்ப்புக் கட்டி பிறக்கும் முறை

வெள்ளிக்கட்டிகள் இரு வகையில் உருவாகின்றன. தகடாக்கி வெட்டி அச்சு இயந்திரத்தில் அழுத்தி எடுப்பவை ஒரு வகை. அவை கண்ணாடிபோல் வழவழப்பாக, ஒன்றைப்போல் மற்றொன்று இருக்கும். உருக்கிய வெள்ளியை அச்சில் ஊற்றி ஆறவைத்து எடுப்பவை மற்றொரு வகை. நாம் பேசுவது இரண்டாம் வகையைப் பற்றி.

வெள்ளி ஏறத்தாழ 962 பாகை செல்சியசில் உருகும். உருகிய வெள்ளி, தன் பருமனைப்போல் ஏறத்தாழ 20 மடங்கு ஆக்சிஜனைக் காற்றிலிருந்து உறிஞ்சிக்கொள்ளக்கூடியது. இறுகும்போது அதை வெளியே தள்ளும். சில வேளைகளில் துப்பவும் செய்யும். அதனால் மேற்பரப்பில் சிறு குழிகளும் கொப்புளங்களும் தோன்றலாம். ஓரம் முதலில் இறுகி நடு பிறகு இறுகுவதால், நடுப்பகுதி சற்றே அமிழ்ந்து, அலை அலையான வரிகள் படியும். ஒரே அச்சில் ஒரே நாளில் ஊற்றிய இரண்டு கட்டிகளுக்கும் அந்த வரிகள் ஒத்துப்போகா. நம் கைரேகையைப்போல் என்று சொன்னால் மாணவர்களுக்கு எளிதில் விளங்கும்.

இத்தகைய கட்டிகளை இன்று பலர் விரும்பிச் சேகரிக்கிறார்கள். 1902இல் அமெரிக்காவின் நியூஆர்க் நகரில் தொடங்கிய ஏங்கல்ஹார்ட் நிறுவனம் 2006இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தின் கைக்கு மாறியது. 1817இல் இலண்டனில் தோன்றிய ஜான்சன் மேத்தி நிறுவனம், தன் தங்க வெள்ளிச் சுத்திகரிப்பு ஆலைகளை 2015இல் ஜப்பானின் அசாஹி நிறுவனத்துக்கு விற்றது. ஆகவே அவர்களுடைய பழைய வார்ப்புக் கட்டிகளுக்கு வெள்ளியின் விலைக்கு மேலும் விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். மேல்விலை இருக்கும் இடத்தில் போலியும் நுழையும். எனவேதான் எண்களைப் படிக்கும் கலை தேவைப்படுகிறது.

எல்லா எண்ணும் வரிசை எண் அன்று

முதலில், கட்டியில் உள்ள ஒவ்வோர் எண்ணும் என்ன வேலை செய்கிறது என்று பிரித்தறிய வேண்டும். '999' என்பது மாற்று. ஆயிரத்தில் 999 பங்கு தூய வெள்ளி என்பது பொருள். சில ஆலைகள் அதன்பின் ஒரு கூட்டல் குறியையும் இடும். 'அவுன்ஸ்' என்பதன் அருகே நிற்பது எடை. பழைய கட்டிகளில் முதலில் ஊற்றி, பிறகு நிறுத்து, வந்த எடையை அப்படியே கையால் குத்துவதும் உண்டு. அப்போது 10 என்பதற்குப் பதிலாகப் பத்துக்குமேல் ஏதோ பின்னம் சேர்ந்து நிற்கும். பார்ப்பவருக்கு அது விந்தையாகத் தெரியும்; ஆனால் அதில் குறையொன்றும் இல்லை. சில கட்டிகளில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, அந்த வெள்ளி எந்த உருக்கிலிருந்து வந்தது என்று காட்டும். மற்றொன்று தனிக்கட்டியின் எண். இவை அனைத்தையும் கழித்த பின்னர் எஞ்சுவதே வரிசை எண்.

இலண்டன் சந்தையில் ஏற்கப்படும் பெரிய வெள்ளிக்கட்டிகளுக்கு இது விதியாகவே உள்ளது. அவை 750 முதல் 1,100 டிராய் அவுன்ஸ் வரை எடையுடன், ஆயிரத்துக்கு 999க்குக் குறையாத மாற்றுடன் இருத்தல் வேண்டும். வரிசை எண், ஆலையின் முத்திரை, மாற்று, உருவாக்கிய ஆண்டு ஆகியவை அவற்றின்மேல் பொறிக்கப்பட வேண்டும்.

நம் அடையாள அட்டையை நினைத்துப் பாருங்கள். அதன் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த நாளைச் சொல்லும். அடுத்த இரண்டு பிறந்த இடத்தைச் சொல்லும். கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றை, பெண்ணுக்கு இரட்டை. முறை தெரிந்தவருக்கு அது ஒரு வாக்கியம். தெரியாதவருக்கு வெறும் இலக்கக்கூட்டம். வெள்ளிக்கட்டியின் முன்னொட்டு எழுத்தும் இதைப் போன்றதே. ஒரே ஆலையின் கட்டிகளில் சிலவற்றில் எண் மட்டும் இருக்கும். சிலவற்றில் எழுத்தும் எண்ணும் இருக்கும். இலக்கங்களின் எண்ணிக்கையும் மாறும். சேகரிப்பாளர்கள் கிடைத்த கட்டிகளின் எண்களையும் படங்களையும் ஒன்றுதிரட்டி, எந்த எழுத்து எந்த அச்சு வடிவத்தோடு வருகிறது என்று பட்டியல் அமைத்து வருகிறார்கள்.

கை குத்திய எண்

அடுத்தது, எண்ணைக் குத்திய முறை. வார்ப்புக் கட்டிகளில் பெரும்பாலும் ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஓர் எஃகு அச்சைப் பிடித்து, சுத்தியலால் தட்டுவார்கள். பட்டறைகளில் அதைப் 'பஞ்ச்' என்பார்கள். மனிதக் கை தட்டுவதால் ஓர் இலக்கம் ஆழமாகவும் மற்றொன்று மேலோட்டமாகவும் விழும், வரி வளையும், தட்டும்போது அச்சு துள்ளினால் இலக்கம் இரட்டையாகத் தெரியும். வெள்ளி மெதுவானது. அச்சு இறங்கும்போது பக்கத்து உலோகம் மெல்லிய கரைபோல் எழும்பி நிற்கும். விரல் நுனியால் தடவினாலே அந்தக் கரை உணர்வில் படும்.

போலிக் கட்டி பெரும்பாலும் மெய்யான கட்டி ஒன்றின் படிவத்திலிருந்து வார்க்கப்படுகிறது. அதனால் எண்ணும் வார்ப்போடு சேர்ந்தே வந்துவிடும். இலக்கத்தின் ஓரங்கள் மழுங்கி, எழும்பிய கரையின்றி இருக்கும். அதைவிட முக்கியமான தடயம் ஒன்று உண்டு. ஒரே படிவத்திலிருந்து பிறந்த போலிகள் அனைத்துக்கும் வரிசை எண் ஒன்றாகவே இருக்கும். ஒரே எண்ணுள்ள இரண்டு கட்டிகள் விற்பனைக்கு வந்தால் ஐயம் கொள்வதே அறிவுடைமை.

இனி, அந்த அம்மாவின் கட்டியிலிருந்த நடு இலக்கத்துக்கு வருவோம். எண் அச்சுகளை விற்கும் பெட்டியில் பத்து அச்சுகள் இருக்கும் என்று எண்ணுவோம். ஆனால் பொதுவாக ஒன்பதே இருக்கும். 0 முதல் 8 வரை மட்டுமே. ஒன்பதுக்குத் தனி அச்சு கிடையாது. ஆறைத் தலைகீழாகப் பிடித்தால் ஒன்பது. வேலைக் களைப்பில் ஒருவர் ஒன்பது குத்த வேண்டிய இடத்தில் அச்சை நேராகப் பிடித்துத் தட்டிவிட்டால் ஆறு விழுந்துவிடும். பிழையைக் கண்டு, அச்சைத் திருப்பி, அதே இடத்தில் மீண்டும் தட்டினால் ஆறும் ஒன்பதும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்.

அறிவியல் அறையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றைக் கொண்டு வந்து மாணவியிடம் கொடுத்தேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "என்ன தெரிகிறது, சொல்லம்மா" என்று மட்டும் கேட்டேன். அவள் நெடுநேரம் குனிந்து பார்த்தாள்.

"எட்டு மாதிரிதான் இருக்கு சார். ஆனா எட்டுக்கு வால் இருக்காதே. இதுக்கு மேலே ஒரு வால், கீழே ஒரு வால்."

எட்டுக்கு வால் இல்லை என்பதைக் கடைக்காரர் பார்க்கவில்லை. பதினொரு வயதுக் குழந்தை பார்த்துவிட்டது. பின்னர் விழுந்த தட்டு, முன்னர் விழுந்ததன் கரையை வெட்டிக்கொண்டு போயிருந்தது. மேலே நின்றது ஒன்பது. ஆக, எண் 'கே 20941' என்று கொள்ள இடமிருந்தது. கடைக்காரர் போலிக்கு அடையாளமாகச் சொன்ன அதே குழப்பம், கை குத்தியதற்கு அடையாளமாக நின்றது. ஆயினும் கை குத்தியதால் மட்டும் ஓர் உலோகம் வெள்ளியாகிவிடாது. ஈயத்தின்மேலும் கையால் குத்தலாமே.

தண்ணீர் சொன்ன சாட்சி

எடையிலிருந்து தொடங்கினோம். வெள்ளிக்கும் தங்கத்துக்கும் வழங்குவது டிராய் அவுன்ஸ், ஒன்றுக்கு 31.1 கிராம். மளிகைக் கடை அவுன்ஸ் 28.35 கிராம் மட்டுமே. எனவே 10 டிராய் அவுன்ஸ், சாதாரணத் தராசில் ஏறத்தாழ 11 அவுன்சாகத் தெரிவதுதான் சரி. பள்ளியின் மின் தராசில் கட்டி 311.8 கிராம் இருந்தது. முதல் குழப்பம் தீர்ந்தது.

பிறகு ஆர்க்கிமிடீசை அழைத்தோம். நீர் நிரம்பிய கண்ணாடிக் குவளையைத் தராசின்மேல் வைத்து, அளவைச் சுழியாக்கினோம். கட்டியை நூலில் கட்டி, குவளையின் அடியையும் பக்கத்தையும் தொடாதவாறு நீரில் முழுவதும் அமிழ்த்தினோம். அப்போது தராசு காட்டும் கிராம் எண்ணே கட்டியின் பருமன், கன சென்டிமீட்டரில். தராசு 29.8 காட்டியது. 311.8ஐ 29.8ஆல் வகுத்தால் ஏறத்தாழ 10.46. தூய வெள்ளியின் அடர்த்தி 10.49. செம்பாக இருந்திருந்தால் அடர்த்தி 8.96, தராசு 35ஐ நெருங்கியிருக்கும். ஈயமாக இருந்திருந்தால் 11.34, தராசு 27.5 அளவில் நின்றிருக்கும்.

மாலிப்டினம் என்னும் உலோகத்தின் அடர்த்தி 10.28, வெள்ளிக்கு மிக அருகில் நிற்பது. ஈயத்தையும் வேறு உலோகங்களையும் தக்க அளவில் கலந்தும் அடர்த்தியை ஒத்துவரச் செய்யலாம். எனவே இன்னொன்றும் பார்த்தோம். உலோகங்களில் வெப்பத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளி. கட்டியின்மேல் பனிக்கட்டி ஒன்றை வைத்தோம். அது மேசைமேல் வைத்த பனிக்கட்டியைவிட மிக விரைவாகக் கரைந்தது. ஈயமும் மாலிப்டினமும் வெப்பம் கடத்துவதில் வெள்ளிக்கு வெகுவாகப் பின்தங்கியவை. கடைகளில் உள்ள ஊடுகதிர்க் கருவி மேற்பரப்பை மட்டுமே ஆராயும். ஆகவே கருவியும் அடர்த்தியும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தினால்தான் முழு நம்பிக்கை. ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இந்தச் சோதனை ஒரு நல்ல அறிவியல் பாடம். ஆசிரியர்கள் ஓர் இரும்புத் துண்டையோ செம்புத் துண்டையோ கொண்டும் செய்து காட்டலாம்.

நாங்கள் அறிந்தவரை, கட்டி வெள்ளிதான். எண் என்னவென்றும் ஊகித்தாயிற்று. ஆனால் ஊகம் ஊகமே. அந்த எண்ணை உறுதிப்படுத்துவது எது? இக்கேள்விக்கு விடை சொல்ல, முன்னே சொன்ன இசுபானிய வெள்ளிக்குத் திரும்ப வேண்டும்.

கடலடியில் 351 ஆண்டுகள்

இன்றைய பொலிவியாவில் உள்ள பொத்தோசி மலை, இசுபானியப் பேரரசின் வெள்ளிக் களஞ்சியமாக இருந்தது. தென் அமெரிக்காவில் வெட்டியெடுத்த வெள்ளி, நாணயங்களாகவும் 30, 40 கிலோ எடையுள்ள வார்ப்புக் கட்டிகளாகவும் கப்பலேறியது. 'நுவெஸ்த்ரா சென்யோரா தெ அத்தோச்சா' என்னும் கப்பல் 1622 செப்டம்பர் 4ஆம் நாள் ஹவானாவிலிருந்து புறப்பட்டு, இரண்டே நாளில் ஃபுளோரிடாத் தீவுகளின் அருகே சூறாவளியில் மூழ்கியது. அதிலிருந்த 265 பேரில் ஐவரே பிழைத்தனர்.

மெல் ஃபிஷர் என்னும் அமெரிக்கர் அக்கப்பலைப் பல ஆண்டுகள் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருந்தார். யூஜின் லயன் என்னும் வரலாற்றாய்வாளர், இசுபெயினின் செவில் நகரில் உள்ள இந்தியத் தீவுகள் ஆவணக் காப்பகத்தில் பழைய ஏடுகளைப் படித்துக்கொண்டிருந்தவர். 17ஆம் நூற்றாண்டு எழுத்தர்களின் கையெழுத்து ஒன்றோடொன்று பின்னி, எளிதில் படிக்க இயலாதது. அதைப் படிக்கப் பழகிய லயன், கப்பல் மூழ்கிய இடம் மார்க்கேசாஸ் தீவுகளின் பக்கம் என்று கண்டு சொன்னார். தேடல் அங்கே மாறியது.

1973இல் கடலடியிலிருந்து மூன்று வெள்ளிக்கட்டிகள் கிடைத்தன. அவை அத்தோச்சாவைச் சேர்ந்தவையா, வேறு கப்பலைச் சேர்ந்தவையா என்ற கேள்வி எழுந்தது. ஃபிஷரின் நேர்மையையே ஐயுற்றவர்களும் இருந்தனர். கட்டிகளின்மேல் உரோமன் எண்களில் வரிசை எண்ணும், மாற்றைக் குறிக்கும் எண்ணும், அரசுக்கு வரி செலுத்தியதைக் காட்டும் முத்திரைகளும், உரிமையாளரின் குறியும் இருந்தன. மாற்று பார்ப்பதற்காக ஓர் ஓரத்தில் சிறிதளவு வெள்ளியைச் சுரண்டி எடுத்த பள்ளமும் இருந்தது. ஒரு கட்டியின் எண் 4584. லயன், தாம் செவிலிலிருந்து படியெடுத்து வைத்திருந்த கப்பலின் சரக்குப் பட்டியலைப் புரட்டினார். அதில் 4584 என்ற எண்ணுடைய கட்டி இருந்தது. எடையும் ஒத்துவந்தது. 351 ஆண்டுகளுக்கு முன்னர் முகம் தெரியாத எழுத்தர் ஒருவர் மைதொட்டு எழுதிய வரி, ஐயுற்றவர்களுக்கு விடை சொல்லிற்று. 1985 ஜூலை 20ஆம் நாள் கப்பலின் பெருஞ்சரக்கும் கண்டுபிடிக்கப்பட்டது.

இதில் நான் கற்றது இதுதான். எண் தானாகப் பேசாது. அந்த எண்ணை வேறொருவர் வேறோர் இடத்தில் எழுதி வைத்திருந்தால்தான் அது பேசும். கட்டி ஒரு பாதி, பதிவேடு மறுபாதி.

ஒரு 555 புத்தகம்

அந்த அம்மாவிடம் இதைச் சொல்லி, "மாமா எதிலாவது எழுதி வைத்திருப்பாரா, தேடிப் பாருங்கள் அம்மா" என்றேன். கப்பல் நிறுவனத்துத் தாள்கள், மருந்துச்சீட்டுகள் எல்லாவற்றையும் கிளறியிருக்கிறார். மூன்றாம் நாள், சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு பழைய 555 புத்தகத்தோடு வந்தார். மளிகைக் கடைக் கடன் எழுத நம் வீடுகளில் தவறாமல் இருந்த அதே சிறு புத்தகம்.

அதில் 1984ஆம் ஆண்டுப் பக்கம் ஒன்றில், மூத்தவருக்கு இரண்டு சட்டை, இளையவளுக்கு ஒரு பொம்மை, வீட்டுக்கு ஒரு கம்பளி என்ற கணக்குகளுக்கு இடையே, நீல மையில் ஒரு வரி இருந்தது. 'வெள்ளிக்கட்டி 1, 10 அவுன்ஸ், கே 20941.' அதன் எதிரே கொடுத்த விலையும் எழுதப்பட்டிருந்தது. ஐந்தாம் இலக்கம் வரை தெளிவான கையெழுத்து. நடுவில் ஐயத்துக்கு இடமற்ற ஒன்பது.

மாணவி அதைப் பார்த்துவிட்டு, "தாத்தா சரியாப் படிச்சிருக்காரு சார்" என்றாள். அவளுடைய தாயார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை மட்டுமே படித்தவராம் அவர் மாமனார். அந்த மூன்று வகுப்பில் கற்ற இலக்கமே 41 ஆண்டுகளுக்குப் பின்னர் அவருக்காகச் சாட்சி சொன்னது.

பிறகு அந்த அம்மா, கருவி வைத்திருக்கும் வேறொரு கடைக்குச் சென்றார். அவர்கள் சோதித்து, அன்றைய வெள்ளி விலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அரிய எண் என்று மேல்விலை ஏதும் கிடைக்கவில்லை. சேகரிப்பாளர்கள் தேடும் வகையும் அன்று அது. மகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டான். 555 புத்தகம் மட்டும் வீட்டில் இருக்கிறது.

பெற்றோர்களுக்குச் சில குறிப்புகள்

1. வீட்டில் வெள்ளிக்கட்டி இருந்தால் அதை மினுக்கித் தேய்க்க வேண்டா. வெட்டவோ துளையிடவோ வேண்டா. கறுப்பு ஏறியிருப்பது குறையன்று. பழைய மேற்பரப்பே சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பது.

2. முத்திரை, எடை, மாற்று, வரிசை எண் ஆகிய நான்கையும் தனித்தனியே ஒரு தாளில் எழுதுங்கள். படமும் எடுத்து வையுங்கள். யார், எப்போது, எங்கே வாங்கினார் என்பதையும் எழுதுங்கள். வாங்கிய சீட்டு இருந்தால் கட்டியோடு வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள். ஒன்று தொலைந்தாலும் மற்றொன்று நிற்கும்.

3. எண் விந்தையாக இருக்கிறது என்பதற்காகப் போலி என்றும் முடிவு செய்ய வேண்டா, அரியது என்றும் மகிழ வேண்டா. எடை, அடர்த்தி, கருவிச் சோதனை ஆகியவற்றுக்குப் பின்னரே முடிவு. ஒரே கடையின் சொல்லோடு நின்றுவிடாதீர்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நாமும் நாள்தோறும் எண் எழுதுகிறவர்கள்தாம். ஒரு குழந்தை பள்ளியில் சேரும்போது சேர்க்கைப் பதிவேட்டில் வரிசை எண், பெயர், பிறந்த நாள், பெற்றோர் பெயர், முகவரி ஆகியவற்றை எழுதுகிறோம். அப்போது அது வெறும் அலுவல். ஆனால் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடியிருப்புகள் கலைந்து, பல தமிழ்ப்பள்ளிகள் பட்டணத்துக்கு இடம்பெயர்ந்துவிட்ட நாடு இது. பிறப்புப் பதிவு தாமதமானவர்களும், அடையாள அட்டை இன்றி அல்லற்படுபவர்களும், 'இந்தப் பள்ளியில்தான் படித்தேன், ஏதாவது சான்று இருக்குமா?' என்று வந்து நிற்பதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அவர்கள் கையில் இருப்பது ஒரு பாதி. மறுபாதி நம் அலமாரியில் இருந்தாக வேண்டும்.

ஆகவே பெயரை ஊகித்து எழுதாமல் சான்றிதழைப் பார்த்து எழுதுவோம். ஆறும் ஒன்பதும் ஐயமின்றித் தெரியும்படி எழுதுவோம். திருத்த நேர்ந்தால் மேலேயே எழுதி மறைக்காமல், ஒற்றைக் கோடிட்டு அருகில் எழுதிக் கையொப்பமிடுவோம். பழைய பதிவேடுகளைப் படமெடுத்துக் கணினியிலும் சேர்ப்போம். மூலத்தையும் கரையானுக்கு எட்டாமல் காப்போம்.

ஆண்டிறுதியில் பள்ளிக் கிடங்கைத் துப்புரவு செய்யும்போது, 'பழைய தாள்' என்று கயிற்றால் கட்டி ஓரமாக வைத்த மூட்டைகள் சில கண்ணில் படும். பழைய தாள் வாங்குபவரை அழைப்பதற்கு முன்னர், அந்தக் கயிற்றை ஒருமுறை அவிழ்த்துப் பாருங்கள்.